இரண்டு கையிலும் ஹோல்டர்

சிங்கப்பூர்
9-3-1996

மதிப்பிற்குரிய சிங்கராயர் மாமா அவர்களுக்கு,

மூன்று கண் மதகு வேலையில் இறந்துபோன ராஜாங்கத்தின் மகன் நெடுமாறன் எழுதுகிறேன். பெயரைக் கேட்டதும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். வாசிப்பவர் யாராக இருந்தாலும் கடைசிவரை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். இருபத்து நான்கு வருஷமாக உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு இல்லை. நான் உங்களை மாமா என்று கூப்பிட்டது நாலு வயதில். வேறு எப்படி எழுதுவது என்று தெரியாததால் அப்படியே எழுதுகிறேன்.

நாகப்பட்டினம் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு இங்கே ஒரு கப்பல் கட்டும் யார்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. சென்ற மாதம்தான் என்னை எட்டுப் பேருக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய தகட்டை நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், ஆளுக்கொரு வெல்டிங் மிஷின் என்று வேலை கொடுத்தேன். ஆரம்பிக்கப் போகும்போது ஃபோர்மேன் ஓடி வந்து நிறுத்தினார். ஒரே இரும்பில் இரண்டு மிஷின் ஓடினால் முதலில் ராடு மாட்டிப் பிடிக்கிற ஹோல்டர் இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. வைத்துப் பார்த்தார். தனித்தனியாக ஒவ்வொன்றிலும் எண்பது வோல்ட்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நூற்று அறுபது காட்டியது.

இரண்டு மிஷினும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடுகின்றன, இந்த ஹோல்டரை ஒரு கையிலும் அந்த ஹோல்டரை ஒரு கையிலும் பிடித்தால் நெஞ்சு வழியாகப் பாயும், ஈரத்தில் நின்றால் பிழைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அப்பா எப்படிக் கிடந்தார் என்று ஊரே சொல்லும். சின்ன வயதில் நான் யாரோடாவது சண்டை போட்டால், 'உங்கப்பன் ரெண்டு கையிலயும் ரெண்டு ஹோல்டரப் புடிச்சிக்கிட்டுச் செத்தான்டா, அம்புட்டுப் போதை' என்பார்கள். குடித்துவிட்டுத் தானே கரண்டைப் பிடித்தார் என்றுதான் எழுதி முடித்தார்கள். விசாரணையில் அப்படிச் சொன்னது நீங்கள்.

அம்மா உங்களைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் அப்பாவை அதைவிட அதிகமாகத் திட்டினாள். சாவதற்கு ஒரு மாதம் முன்பு, இனிமேல் குடிப்பதில்லை என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறியவன் என்று அவர் போட்டோவைப் பெட்டிக்கு அடியில் போட்டவள், இன்றுவரை சுவரில் மாட்டவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அந்தச் சத்தியம்தான் காரணம் என்பாள். நான் விமானம் ஏறும்போதும் அதைச் சொல்லித்தான் அழுதாள்.

நான் சண்டைக்கு எழுதவில்லை. எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். அன்றைக்கு மதகில் எத்தனை வெல்டிங் செட் இருந்தது? எந்த எந்த இடத்திலிருந்து கரண்ட் எடுத்தீர்கள்? அப்பா ஏன் இரண்டாவது ஹோல்டரைத் தொட்டார்? உங்களுக்கு எதுவும் மறக்காது என்று அம்மாவே சொல்வாள்.

இப்படிக்கு,
ரா. நெடுமாறன்


புதுவெளி, குத்தாலம் வழி
28-3-1996

தம்பி நெடுமாறனுக்கு,

சிங்கராயர் சொல்லச் சொல்ல மருமகள் ஃபெபி எழுதுகிறாள். உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது வேறு யாருக்கோ வந்தது என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுபடியும் பெயரை வாசித்துக் காட்டினார். ராஜாங்கம் மகன் என்றதும் வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் பைபிளுக்குள் வைத்திருந்து அப்புறம்தான் வாசிக்கச் சொன்னேன்.

நீ கேட்டதால் சொல்கிறேன். உன் அப்பனும் நானும் பதினோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். என் முதல் பிள்ளை செத்தபோது குழி வெட்டியவன் அவன். அவனைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இல்லை. உன் அம்மா ராசம்மாள் குத்தாலம் சந்தையில் என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். ஒரு தடவை காறித் துப்பினாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் வாதம் பண்ண முடியாது.

வெல்டிங் கரண்ட் ஆளைக் கொல்லாது என்பது எங்கள் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீரில் நின்றுகொண்டு ராடு மாற்றுவோம், வேர்த்த கையால் பிடிப்போம், சுருக்கென்று கூசும், அவ்வளவுதான். எருமை மாதிரி இருந்த ஆள் அந்தக் கூச்சத்தில் செத்தான் என்றால் வேறு என்னவென்று நினைப்பது? விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம், குடித்திருந்தானா என்று கேட்டார். குடித்துத்தான் இருப்பான் ஐயா என்றேன். அதை எழுதி என் கட்டை விரலை வாங்கிக்கொண்டார். கள்ளுக்கடை திறந்திருந்த வருஷம் அது. உங்கள் தெரு ஆள் என்றால் குடித்திருப்பான் என்று சொல்ல அப்போது யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. அவன் அப்படிச் செத்ததற்கு அவன்மேல் எனக்கே இன்னும் கோபம் இருக்கிறது.

எழுத்துத் தெரியாதவனுக்கு மறந்துபோனால் எடுத்துப் பார்க்கக் காகிதம் கிடையாது. அதனால் நான் எதையும் கீழே போடுவதில்லை. எழுபத்திரண்டாம் வருஷம், வைகாசி ஆறு, வெள்ளிக்கிழமை. ஜூன் பன்னிரண்டு மேட்டூர் திறப்பதற்குள் மதகின் மூன்று ஷட்டரையும் வெல்டிங் வைத்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு முடிந்து நடுக்கண்ணில் நின்றோம். பதினேழு நாளாக அங்கேதான் வேலை.

வெல்டிங் செட் இரண்டு. சாம்பல் நிறச் செட் உன் அப்பனுடையது. அதற்குக் கரண்ட் மதகின் மேலே இருந்த மெயின் போர்டிலிருந்து வந்தது. பச்சை நிறச் செட் என்னுடையது. மெயின் போர்டில் இடம் இல்லாததால், ஊற்றுத் தண்ணீரை இறைக்கிற மோட்டாருக்கு என்று தனியாக ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், அதிலிருந்து எடுத்தோம். முந்தின நாள் சாயங்காலம் காற்றும் மழையும். கம்பம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு லயன்மேன் சரி பண்ணிக் கொடுத்தான்.

நான் ஒரு வேலையாக மதகு மேலே ஏறியிருந்தேன். என் ஹோல்டர் கீழே சாரத்துக் கட்டையில் தொங்கியது. ஷட்டரின் மேல் விளிம்பைத் தைக்க வேண்டியிருந்தது. ராஜாங்கம், அந்த ஹோல்டரை இப்படி நீட்டு என்றேன். அவன் வலது கையில் அவன் ஹோல்டர் இருந்தது. இடது கையால் என்னுடையதை எடுத்தான். பதினேழு நாளும் அப்படித்தான் கொடுத்து வாங்கினோம். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. இதுதான் நீ கேட்ட மூன்றுக்கும் பதில்.

ஆனால் நீ எழுதிய நூற்று அறுபது எனக்குப் புரியவில்லை. எண்பதும் எண்பதும் ஒரே கம்பத்துக் கரண்ட்தானே? அது எப்படி ஒன்றுக்கொன்று எதிராகும்? ஃபெபி இரண்டு தடவை வாசித்தாள். எனக்கும் விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கவில்லை.

ஈஸ்டர் வருகிறது. உன் அப்பனுக்காக ஒரு திரி ஏற்றி வைக்கிறேன். எப்போதும் ஏற்றுவதுதான்.

சிங்கராயர்


சிங்கப்பூர்
11-4-1996

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு நாளாக எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. இவ்வளவு ஞாபகமாகச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எதிராக ஓடுவது எப்படி என்று கேட்டீர்கள். ஒரு உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதை நினைத்துப் பாருங்கள். கரண்ட் அந்த உலக்கை மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது. ஒரு செகண்டுக்கு ஐம்பது தரம். இரண்டு உலக்கையும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால் இரண்டு பூணுக்கும் நடுவே தூரம் இல்லை. நீங்கள் ஹோல்டரைக் கை மாற்றிய பதினேழு நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போனால் நடுவில் எவ்வளவு தூரம்? ஒன்றுக்கு இரண்டு. எண்பதும் எண்பதும் நூற்று அறுபது. அப்பா அந்த இரண்டுக்கும் நடுவே நின்றிருக்கிறார். ஒரு சொட்டுக் கள் தேவையில்லை. யார் நின்றிருந்தாலும் போயிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வெல்டிங் பண்ணிப் பார்த்தால் தெரியாது. எதிராக ஓடினாலும் செட் நன்றாகவே எரியும். மீட்டர் வைத்தால்தான் தெரியும்.

பதினேழு நாள் ஒத்து ஓடிய இரண்டு செட்டும் பதினெட்டாம் நாள் காலையில் எதிராகத் திரும்பியிருக்கின்றன. தானாகத் திரும்பாது. யாரோ வயரை மாற்றிக் கட்டியிருக்க வேண்டும். லயன்மேன்தான் என்று முதலில் நினைத்தேன். எங்கள் எலக்ட்ரீசியனிடம் படம் போட்டுக் காட்டிக் கேட்டேன். கம்பத்தில் மாற்றினால் இரண்டு செட்டும் சேர்ந்தேதான் திரும்பும், ஒன்றுக்கொன்று எதிராகாது என்று அடித்துச் சொல்கிறார். மெயின் போர்டுக்கும் மோட்டார் பெட்டிக்கும் நடுவில்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிற வயரில் இரண்டை மாற்றினால் போதும்.

மாமா, அந்த ஆளின் பெயர் எனக்கு வேண்டும். காண்டிராக்டர் ஆளோ, எலக்ட்ரீசியனோ, பெரிய இடமோ, யாராக இருந்தாலும் சரி. அன்று காலை மோட்டார் பெட்டியைத் திறந்தது யார்? செத்துப் போயிருந்தாலும் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரை அம்மாவிடம் சொல்லி, உன் புருஷன் சத்தியத்தைக் காப்பாற்றினார், கொன்றது இந்த ஆள் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அறுபது ஆகப் போகிறது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

உங்களைத் தவறாக நினைத்திருந்தேன். நீங்களும் ஏமாந்துதான் போயிருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நெடுமாறன்


குத்தாலம்
30-4-1996

நெடுமாறனுக்கு,

இந்தக் கையெழுத்து வேறாக இருக்கும். குத்தாலம் போஸ்ட் ஆபீஸ் வாசலில் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுக்கிற அப்துல் ஜலீல் பாய் எழுதுகிறார். இதை என் மருமகள் கையால் எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாய் எதையும் வெளியே சொல்லாத மனிதர். நான் சொல்வதை ஒரு எழுத்துக் குறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஃபெபி உன் கடிதத்தை வாசித்தாள். உலக்கை வரைக்கும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சபாஷ் என்றுகூட நினைத்தேன். இரண்டு வயரை மாற்றினால் போதும் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். ஏன் மாமா என்றாள். நெஞ்சு எரிச்சல் என்றேன். எழுந்து வாய்க்கால் வரைக்கும் போனேன். அங்கேயே உட்கார்ந்தேன்.

அன்று காலை நடந்தது எல்லாம் சொல்கிறேன். போன கடிதத்தில், ஒரு வேலையாக மேலே ஏறினேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த வேலை என்னவென்று நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை தம்பி. அது சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் பல் விளக்கினேன் என்று யாராவது சொல்வார்களா?

ஏழு மணிக்குக் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டோம். ஓடியது, தண்ணீர் வரவில்லை. நடுக்கண்ணில் ஊற்று ஊறி முழங்காலுக்கு நின்றது. காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் திருப்பிச் சுற்றுகிறது. லயன்மேன் கம்பத்தில் மாற்றிக் கட்டியிருக்கிறான். நம் பக்கத்தில் போர் செட் வைத்திருக்கிற எந்த விவசாயிக்கும் இதற்கு மருந்து தெரியும். மூன்று வயரில் ஏதாவது இரண்டைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டால் மோட்டார் நேராகச் சுற்றும். யாரும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட மாட்டார்கள். நானும் நூறு தடவை பண்ணியிருக்கிறேன், கூப்பிட்டால் போய் ஊரில் எல்லார் வீட்டு மோட்டாருக்கும் பண்ணியிருக்கிறேன்.

அதை மோட்டாரிலேயே மாற்றியிருக்கலாம். மோட்டார் பள்ளத்தில், சேற்றில் இருந்தது. இறங்க வேண்டும், நனைய வேண்டும், நாலு திருகு கழற்ற வேண்டும். பெட்டி மேலே காய்ந்த இடத்தில் இருந்தது. பெட்டிக்குள் வருகிற இடத்தில் இரண்டு திருகுதான். ராஜாங்கம் சொன்னான், 'நான் எறங்கி மோட்டார்லயே மாத்திடுறேன் சிங்கராயரே, ஒரு நிமிஷம்.' நான்தான், 'எதுக்கு சேத்துல எறங்குற, மேலயே முடிச்சிடுறேன்' என்றேன்.

மெயினை அணைத்துவிட்டு மேலே ஏறினேன். சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் மாற்றிப் போட்டேன். என் பச்சைச் செட்டும் அதே பெட்டியில், அதே சிவப்பிலும் மஞ்சளிலும்தான் தொங்கியது. மோட்டார் நேராகச் சுற்றியது. தண்ணீர் கொட்டியது. உன் அப்பன் கீழேயிருந்து கையைத் தட்டினான். மோட்டார் நேரானபோதே என் செட் தலைகீழாகத் திரும்பிவிட்டது என்று இருபத்து நான்கு வருஷம் கழித்து, சிங்கப்பூரிலிருந்து வந்த காகிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு ஹோல்டரை நீட்டு என்று கேட்டதும் நான்தான். இரண்டும் நான்தான்.

இன்னொன்று. அவன் குடிக்கவில்லை. ஆறரை மணிக்கு மதகுக் கரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பழையது சாப்பிட்டோம். கத்திரி வெயில் முடியாத நேரம், புளித்திருந்தது. அவன் நீராகாரத்தைத் தூக்கிக் குடித்தான். சட்டையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். செத்த பிறகு அவன்மேல் புளித்த வாடை அடித்தது. அது எந்த வாடை என்று தெரிந்த ஒரே ஆள் நான். கூட உட்கார்ந்து சாப்பிட்டவன். அதிகாரி கேட்டபோது அந்தப் பழையது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. இன்றைக்கு வருகிறது. ஊறுகாய் எலுமிச்சை என்பதுகூட வருகிறது. அப்போது ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை. என் ஞாபகத்தைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள்.

நீ பெயர் கேட்டாய். காண்டிராக்டரும் இல்லை, எலக்ட்ரீசியனும் இல்லை. அந்தப் பெயர் சூசை மகன் சிங்கராயர், புதுவெளி.

கீழே என் கட்டை விரல் ரேகை வைத்திருக்கிறேன். அன்றைக்கு வைத்தது தப்பு ரேகை. இது சரியானது.


சிங்கப்பூர்
14-5-1996

சிங்கராயர் அவர்களுக்கு,

வந்தது. யார்டு கேண்டீனில் நின்றுகொண்டே வாசித்தேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எலக்ட்ரீசியனைக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியில் இரண்டு வயரை மாற்றிப் போட்டு மீட்டர் வைத்தோம். மாற்றும் முன் முள் அசையவில்லை. மாற்றியதும் நூற்று அறுபத்து நாலு. மாற்ற எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தேன். இரண்டு நிமிஷம்கூட இல்லை.

அப்பாவே இறங்கி மாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிகிறது. தெரிந்தும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் அம்மாவிடம் நீங்கள் போகக் கூடாது. டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். அதுவரை எனக்கும் எழுத வேண்டாம்.

ரா. நெடுமாறன்


புதுவெளி
16-5-1996

நெடுமாறனுக்கு,

ஃபெபிதான் எழுதுகிறாள். அவளிடமும் மகனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொன்னார். கடவுள் பக்கம் முடிந்தது, ராசம்மாள் பக்கம் முடியவில்லையே சாமி என்றேன்.

நீ என்ன சொல்வாயோ என்று பதிலுக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன். நேற்று காலையில் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. கிளம்பி உன் வீட்டுக்குப் போனேன்.

இருபத்து நான்கு வருஷத்தில் உங்கள் தெருவுக்குள் கால் வைக்கவில்லை. ராசம்மாள் வாசலில் விதை நெல்லைக் காயப்போட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த குச்சியைக் கீழே போடவில்லை. அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். நெல்லுக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்ல ஆரம்பித்தேன். மோட்டார், பெட்டி, சிவப்பு வயர், மஞ்சள் வயர். அவளுக்கு வெல்டிங் தெரியாது, ஆனால் மோட்டார் திருப்பிச் சுற்றினால் வயர் மாற்றுவது தெரியும். கோழி இரண்டும் நெல்லில் ஏறிக் கொத்தின. விரட்டவில்லை.

நான் முடித்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். என்னைப் பற்றி இல்லை. வயரைப் பற்றி இல்லை.

'அப்ப அவரு குடிக்கலியா?'

குடிக்கவில்லை ராசம்மாள், நீ கட்டிக் கொடுத்த பழையதுதான், எலுமிச்சை ஊறுகாய் என்றேன். அவள் நெல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊறுகாய் போட்டது ஞாபகம் இருக்கிறது என்றாள். அழவில்லை. எதிர்வீட்டு அம்சம் ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் வெயிலில் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். 'இந்தா, புடி' என்று சொன்னான் என்றேன். அவ்வளவுதான். என் ஹோல்டரை எடுத்து நீட்டிக்கொண்டே சொன்னான்.

எழுந்து உள்ளே போனாள். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. போட்டோவை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணாடி ஒரு மூலையில் விண்டிருக்கிறது. ஆணியும் சுத்தியும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

'நீயே அடி' என்றாள்.

வாசல்படியைத் தாண்டினேன். எந்த இடம் என்று கேட்டேன். கிழக்குச் சுவரைக் காட்டினாள். பழைய சுண்ணாம்புச் சுவர், இரண்டு ஆணி வளைந்துபோனது. மூன்றாவது நின்றது. மாட்டிவிட்டுத் திரும்பினேன். ராஜாங்கம் அதே மாதிரிதான் இருக்கிறான், காலர் வைத்த சட்டை, எண்ணெய் தடவிய தலை. எனக்கு எழுபத்தொன்று, அவனுக்கு முப்பத்தெட்டு.

ராசம்மாள் வாசல் வரைக்கும் வந்தாள். 'இனிமே சந்தையில உன்னப் பாத்தா அந்தப் பக்கம் போவ மாட்டேன். ஆனா வூட்டுக்குள்ள வராத' என்றாள். சரி என்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சிங்கராயர்


சிங்கப்பூர்
29-5-1996

மாமாவுக்கு,

போக வேண்டாம் என்று நான் எழுதிய கடிதம் நீங்கள் போய் வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்திருக்கும். அதை வாசிக்காவிட்டால் வாசிக்க வேண்டாம். வாசித்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

அம்மா குத்தாலத்தில் ஃபோன் பூத்துக்கு வந்து பேசினாள். முதலில் போட்டோ மாட்டியதைச் சொன்னாள். பிறகு, உன் தலைக்கு ஒன்றும் ஆகாது என்றாள். அப்புறம் அதையே மறுபடியும் சொன்னாள். நான் ஃபோனை வைத்த பிறகும் இங்கே பூத்துக்குள்ளேயே நின்றேன்.

டிசம்பர் எட்டாம் தேதி வருகிறேன். மூன்று கண் மதகில் நீங்கள் நின்ற இடத்தையும் அப்பா நின்ற இடத்தையும் எனக்குக் காட்ட வேண்டும். பெட்டி இருந்த இடத்தையும் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வர வேண்டாம். தெருமுனையில் நில்லுங்கள். நான் வந்து கூட்டிப் போகிறேன்.

நெடுமாறன்